சிந்துபூந்துறை வீட்டுக்கு என்ன விலை?

அன்புள்ள இசக்கி,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த அன்று எடுத்த படத்தை வீட்டில் எல்லாரும் பார்த்தோம். அப்படியே உன் அம்மா முகம். இங்கே எல்லாரும் சுகம். ஆனித் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. சாரல் காற்று பாளையங்கோட்டை வரைக்கும் வீசுகிறது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். சிந்துபூந்துறை வீட்டில் உன் அண்ணன் பாகத்தை நீயே வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் அண்ணன் பெருமாள்புரத்து விலையைச் சொல்கிறார், நீ வழிகாட்டி மதிப்பைச் சொல்கிறாய். இரண்டுமே அந்த வீட்டின் விலை இல்லை.

வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் கணக்கு. 2017 ஜூனில் மாநிலம் முழுக்க அதை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றினார்கள். குறைத்த அன்று யாராவது மூன்றில் ஒரு பங்கு விலையைத் தள்ளி மனையை விற்றார்களா? பெருமாள்புரமோ மேட்டுப்பாங்கான இடம், அகலத் தெரு. தாமிரபரணி ஆற்றங்கரையில் இருக்கும் உன் சிந்துபூந்துறைச் சந்துக்கு அந்த விலையைக் கொண்டுவர முடியாது. தரகர்கள் சொல்லும் விலையும் வேண்டாம். அது கேட்கிற விலை, கைமாறின விலை இல்லை.

நமக்கு வேண்டியது உன் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் சமீபத்தில் நிஜமாகவே நடந்த கிரையங்கள். சுற்றியுள்ள சர்வே எண்களுக்குப் பத்திரப் பதிவு ஆபீஸில் வில்லங்கச் சான்று போட்டால் யார், எப்போது, எவ்வளவுக்கு எழுதினார்கள் என்று வந்துவிடும். கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று தனித்தனியாகவே இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. உண்மையில் கொடுத்ததை விடக் குறைத்து எழுதிய பத்திரங்கள் உண்டு. வங்கிக் கடனுக்காகக் கூட்டி எழுதியவையும் உண்டு. அரசு நிலத்தை எடுக்கும்போது இழப்பீடு கணக்கிடும் 2013 நில எடுப்புச் சட்டத்தைப் பார். முந்தைய மூன்று வருஷத்துப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை மட்டும் எடுத்துத்தான் சராசரி போடச் சொல்கிறது. பத்திரத்தில் எழுதின தொகையை அந்தச் சட்டமே முழுசாக நம்பவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அதனால் ஒவ்வொரு கிரையமும் ஏன் நடந்தது என்று விசாரிப்பேன். மகள் கல்யாணத்துக்கு அவசரமாக விற்றிருந்தால் அதை ஒதுக்கிவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் மனையோடு சேர்க்க வாங்கியிருந்தால் கூடுதலாகக் கொடுத்திருப்பார், அதுவும் ஆகாது. சொந்தத்துக்குள் எழுதினதும் வேண்டாம். மிச்சம் மூன்று நான்கு தேறினாலே போதும், ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிடலாம்.

அப்புறம்தான் கூட்டலும் கழித்தலும். அது எப்போதும் விற்றுப்போன மனையின் விலையில்தான், உன் மனையில் இல்லை. கணக்குக்கு ஒரு எண் வைத்துக்கொள்: முப்பதடி ரோட்டில் ஒரு மனை சென்ட் எட்டு லட்சத்துக்குப் போயிருக்கிறது. உன் வீட்டுக்குக் கார் நுழையாது. அந்த வசதிக்கு இந்தப் பக்கம் ஒரு லட்சம் கொடுக்கிறார்கள் என்றால் எட்டில் ஒன்றைக் கழித்து ஏழு. அந்த மனைக்குத் தெருக்குத்து, அதாவது தெரு நேராக வந்து வாசலில் முட்டுகிற குறை இருந்து, அதனால் குறைந்து போயிருந்தால், அந்தக் குறைவைத் திருப்பிக் கூட்ட வேண்டும். தெருக்குத்தை நீயும் நானும் நம்புகிறோமா என்பது கேள்வியே இல்லை. வாங்குகிறவர் நம்பி விலையைக் குறைக்கிறாரா என்பதுதான் கேள்வி. பெரிய மனையின் சென்ட் விலையைச் சின்ன மனைக்கு அப்படியே வைக்கவும் முடியாது. மொத்தத் தொகை பெரிதானால் வாங்க ஆள் குறைவு, சென்ட் விலை இறங்கும்.

உன் வீட்டில் எல்லாவற்றையும் விடப் பெரிய சங்கதி வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரை மீறியபோது கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே தண்ணீர் வந்ததே, சிந்துபூந்துறையைச் சொல்லவா வேண்டும். அதற்கு முன்னால் நடந்த கிரையத்தை எடுத்து, வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே வந்தால் அது பொய்க் கணக்கு. அதற்குப் பிறகு விற்றதுதான் நமக்கு முக்கியம். தண்ணீர் ஏறியதால் எவ்வளவு குறைந்தது என்பதையும் என் இஷ்டத்துக்குப் பத்து, இருபது என்று போட மாட்டேன். மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒத்த இரண்டு மனை, ஒன்றில் தண்ணீர் ஏறியது, இன்னொன்றில் ஏறவில்லை, இரண்டும் வெள்ளத்துக்குப் பிறகு விற்றவை என்று ஒரு ஜோடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம்தான் அளவு. உன் வீட்டுச் சுவரில் தண்ணீர்க் குறி இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் வந்து அளந்து படம் எடுக்கும்வரை வெள்ளையடிக்காதே.

கட்டடத்தைத் தனியாகப் போட்டுவிடுவேன், அதன் வயதுக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. தேக்குக் கதவுகளுக்கும் உத்தரங்களுக்கும் மட்டும் ஒரு தொகை வைக்கலாம்.

கடைசியில் நான்கு விலையையும் கூட்டி நான்கால் வகுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. எந்த விலையில் மிகக் குறைவாகக் கூட்டிக் கழித்தேனோ, அதுதான் உன் வீட்டுக்கு மிக நெருக்கம். அதற்கே அதிகக் கனம் கொடுப்பேன்.

அப்பா காலத்துக் கிரையப் பத்திர நகலும் பட்டாவும் அனுப்பிவை. ஆவணியில் வரும்போது அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா. நான் எடுத்த மனைகளை உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாகக் காட்டி, எதில் எவ்வளவு கூட்டினேன், எதில் எவ்வளவு கழித்தேன் என்று அங்கேயே நின்று சொல்கிறேன். அவர் ஒப்புக்கொள்ளாத இடம் இருந்தால் அங்கேயே பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
சுப்பு