வளைவு வேண்டாம், மோட்டாரைப் பாருங்கள்

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 2001-இல் பிளஸ் டூ முடித்த நண்பர்களுக்கும், முன்னும் பின்னும் படித்துவிட்டு இதே யோசனையில் இருக்கும் மற்ற பேட்ச்காரர்களுக்கும்,

வணக்கம். வெள்ளி விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. மண்டபம், சாப்பாடு, ஒரே நிற டி-சர்ட், ஆசிரியர்களுக்குப் பொன்னாடை எல்லாம் குரூப்பில் முடிவாகிவிட்டது. அதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ‘பள்ளிக்கு ஏதாவது செய்யணும்’ என்று தொடங்கிய பேச்சு நுழைவு வளைவில் போய் நிற்கிறது. மேலே பேட்ச் பெயர், பக்கத்துத் தூணில் கிரானைட் கல், அதில் நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல். வளைவு வேண்டாம் என்கிறவர்கள் ஸ்மார்ட் போர்டு என்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

போன மாதம் பள்ளிக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டருக்குக் குறைவில்லை, அரசு அமைத்த ஹைடெக் லேப் இருக்கிறது. மாணவிகள் கழிப்பறையும் புதுக்கட்டடம்தான். டைல்ஸ் பளபளக்கிறது, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. காயில் எரிந்துபோன மோட்டாரைக் கழற்றித் தலைமையாசிரியர் அறை வாசலில் சாக்கு விரித்து வைத்திருந்தார்கள். கழிப்பறை வாசலில் ஒரு நீல டிரம், அதில் பாதித் தண்ணீர், ஒரே ஒரு மக். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் கேட்டேன். “ஸ்கூல்ல தண்ணியே குடிக்க மாட்டோம் சார், வீட்டுக்குப் போய்த்தான்” என்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை. பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு நானும் விளக்கத் தேவையில்லை.

மோட்டாருக்குக் காயில் கட்ட ஆகிற செலவு நம் டி-சர்ட் செலவில் ஒரு மூலைக்குக் காணாது. பிறகு ஏன் அது வாசலில் கிடக்கிறது? கணக்கைப் பார்த்தால் புரியும். ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடுகிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 251 முதல் 1000 பேர் வரை படிக்கிற பள்ளிக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய், 1000-ஐத் தாண்டினால் ஒரு லட்சம். நம் பள்ளியில் இப்போது 800-க்கு மேல் படிக்கிறார்கள். ஆளுக்கு வருடத்துக்கு நூறு ரூபாய்கூட வரவில்லை. ஆய்வகப் பொருள், குடிநீர், துப்புரவு, மின்விசிறிப் பழுது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று 2024-25-இல் ஒன்றிய அரசு இந்த மானியம் வருகிற ஒருங்கிணைந்த திட்டத்துக்கான பணத்தையே நிறுத்திவைத்தது வேறு கதை. கட்டடம் கட்டித் தர ஆள் கிடைக்கிறது. கட்டியதை நடத்திக் கொண்டுபோகத்தான் கையில் காசில்லை.

இது அரசு செய்ய வேண்டிய வேலை, நாம் ஏன் செய்ய வேண்டும் என்று குரூப்பில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அரசைக் கேட்கவும் ஓர் இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024-இல் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். நம் பள்ளிக் குழுவின் தலைவி நூறு நாள் வேலைக்குப் போகிற ஓர் அம்மா. வேதியியல் ஆசிரியர் பணியிடம் காலி என்று அவர் தீர்மானம் போட்டால், அதை மாவட்டக் கல்வி அலுவலகம் வரை தூக்கிக்கொண்டு அலைய நம்மில் இரண்டு பேர் வேண்டாமா? ஆசிரியர் சம்பளத்தை நாம் கொடுக்கத் தொடங்கினால் அந்தப் பணியிடம் கடைசிவரை காலியாகவே கிடக்கும். அங்கே கேட்க வேண்டும். மோட்டாருக்குக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது, நாமே செய்துவிட வேண்டும்.

அப்புறம், இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. காமராஜர் காலத்தில், 1958 முதல், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதை முன்னின்று நடத்தினார். எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் எடுப்பார்கள். பட்டியலைப் பார்த்துத்தான் ஊர்க்காரர்கள் பொறுப்பேற்பார்கள். ஒருவர் பெஞ்சு, ஒருவர் கடிகாரம், ஒருவர் கிணறு. அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். கொடுப்பதை முடிவு செய்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் சொல்கிறோம். அவர் வேண்டாம் என்பாரா, பாவம்? 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி’ திட்டத்தில்கூடப் பள்ளியையும் தேவையையும் நாமே தேர்ந்தெடுத்துப் பணம் கட்டலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்த வழி வசதி.

வெளிநாடு என்றதும் இன்னொன்று. நம் குரூப்பில் அமெரிக்கா, சிங்கப்பூர்க்காரர்கள் பேசினால் கூட்டம் கேட்கிறது. ஊரிலேயே இருப்பவர்கள் வாயைத் திறப்பதில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருப்பவன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவன், அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் தோழி மூவரும் நம் பேட்ச்தான். டாலரில் வருகிற பணத்தைவிட, மோட்டார் நின்றால் அன்றைக்கே சைக்கிளில் வந்து பார்க்கிற ஆள் பள்ளிக்குப் பெரிய சொத்து. பத்தாம் வகுப்பு முடித்துப் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்று திணறும் பிள்ளைகளிடம், நர்ஸிங் படிப்பு எப்படி இருக்கும் என்று அந்தத் தோழி ஒரு சனிக்கிழமை பேசினால் போதும். கேட்பதற்கு ஆள் இல்லாமல்தான் பாதிப் பிள்ளைகள் பக்கத்து பெஞ்சுக்காரி எடுத்ததை எடுக்கிறார்கள்.

சரி, நான் கேட்பது இதுதான். வளைவுக்குப் பேசிய தொகையை அப்படியே பள்ளியின் பெயரில் வைப்போம். அதோடு அறுபது பேர் மாதம் 300 ரூபாய் போட்டால் 18,000 வரும். கழிப்பறை சுத்தம் செய்கிற அம்மாவுக்கு அரசு கொடுக்கும் சொற்பச் சம்பளத்தோடு ஒரு தொகை, பினாயில், நாப்கின், மோட்டார், குழாய், பல்பு. எதற்குச் செலவு செய்வது என்பதை மேலாண்மைக் குழு தீர்மானிக்கட்டும், நாம் இல்லை. மாதாமாதம் ரசீதும் செலவுக் கணக்கும் குரூப்பில் வர வேண்டும், அவ்வளவுதான் நம் உரிமை. பெயர் போட்டே ஆக வேண்டும் என்றால் மோட்டார் ரூம் சுவர் காலியாகத்தான் இருக்கிறது.

சம்மதம் உள்ளவர்கள் குரூப்பில் கைதட்டுகிற பொம்மை போட வேண்டாம். மாதம் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். விழாவுக்கு முன்னால் தலைமையாசிரியரையும் குழுத் தலைவியையும் பார்த்துப் பட்டியல் வாங்கி வருகிறேன். கூட வர இரண்டு பேர் தேவை.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
பிளஸ் டூ ‘பி’ பிரிவு, 2001