ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் போன் எடுக்கவில்லை

சேலம்,
டிசம்பர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போன ஞாயிறு சாயங்காலம் நீ மூன்று தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை என்று அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். "அந்த ரேடியோவில் அப்பாவுக்கு என்னதான் இருக்கு?" என்றும் கேட்டாயாம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு எங்கள் ஹாம் கிளப், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்களின் சங்கம், கூடும் நாள். ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு வகுப்பறை ஒன்றைத் திறந்துவிடுகிறார்கள். பதினைந்து பேர் வந்தால் அதுவே நல்ல கூட்டம். பல் டாக்டர் ஒருவர், எலக்ட்ரீஷியன் ஒருவர், பாலிடெக்னிக் பையன்கள் மூன்று பேர், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர். அங்கே எல்லோருக்கும் கால்சைன்தான் பெயர், லைசென்ஸோடு கிடைக்கும் அடையாள எழுத்துகள் அவை. பல் டாக்டரின் சொந்தப் பெயர் எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஆண்டெனா ஒயரில் ஈயப்பற்று வைக்க வேண்டுமென்றால் கொலுசுக்காரரிடம்தான் கொடுப்போம். வெள்ளி வளையங்களைப் பற்றவைத்த கை அது. அவர் வைத்த பற்று மழைக்கும் வெயிலுக்கும் விட்டுப்போனதே இல்லை.

நான் அங்கே போனது மோர்ஸுக்காக, புள்ளியும் கோடுமாக அடிக்கும் அந்தத் தந்தி எழுத்துக்காக. தந்தி ஆபீசில் சேர்ந்த புதிதில் நான் சவுண்டரில், தட்டல் சத்தமாகச் செய்தி தரும் அந்தக் கருவியில், கேட்டுப் பழகியவன் என்பது உனக்குத் தெரியும். பிறகு டெலிபிரிண்டர் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, 2013 ஜூலையில் தந்தியே நின்றுபோனது. கடைசி நாளன்று வரிசையில் நின்று தந்தி கொடுத்தார்களே, அதில் பாதிப் பேர் வாழ்க்கையில் முதல் தந்தி அனுப்பியவர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடாமல் படுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஹாம் ஆட்கள் இன்னும் மோர்ஸ் அடிக்கிறார்கள் என்று அதற்கு வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

ஆனால் கிளப்பில் முதல் நாள் காதில் ஹெட்போன் மாட்டியபோது ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. சவுண்டரில் 'டொக்', 'டொக்' என்று இரண்டு தட்டல்தான் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி குறைந்தால் புள்ளி, நீண்டால் கோடு. ரேடியோவிலோ விசில் மாதிரி ஒரு நாதம். புள்ளிக்கு டிட், கோட்டுக்கு டா. எழுத்து அதேதான், ஆனால் கேட்கும் காது வேறு. ஒரு மாசம் தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது, முந்தின ராத்திரி கேட்ட சொல் தானாக மனசில் ஓடியது. சரி, வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அப்புறம் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினேன். கேள்வித்தாளோடு நிமிடத்துக்கு எட்டு வார்த்தை வேகத்தில் மோர்ஸும் உண்டு. அதில் தேறினால் கால்சைன் VU2 என்று தொடங்கும். மோர்ஸ் வேண்டாம் என்பவர்களுக்கு VU3. எனக்கு VU2தான் வேண்டும் என்று இருந்தேன், வாங்கிவிட்டேன்.

இப்போது பையன்களுக்கு நான்தான் மோர்ஸ் வாத்தியார். எங்களுக்குள் சண்டை வருவது நரி வேட்டையில். ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை எங்காவது ஒளித்துவைப்போம், ஆண்டெனாவும் கையுமாக அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். போன மாசம் ஏற்காடு அடிவாரத்தில் நடத்தினோம். டெய்லர் டேப் அல்ல, ஆசாரி வைத்திருக்கும் இரும்பு டேப், அதை வெட்டி பிவிசி குழாயில் மாட்டினால், சிக்னல் வரும் திசையைக் காட்டும் அருமையான யாகி ஆண்டெனா. பிள்ளைகளே செய்தார்கள். பக்கத்தில் போகப் போக சிக்னல் எல்லாப் பக்கமும் ஒரே பலமாகக் கேட்கும், திசை குழம்பும். பெரியவர்கள் அங்கே சுற்றிச் சுற்றி வந்தோம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, கையில் இருந்த செட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தன்னைத்தானே மெதுவாகச் சுற்றினாள். முதுகு எந்தப் பக்கம் இருக்கும்போது சத்தம் இறங்குகிறதோ, டிரான்ஸ்மிட்டர் அந்தப் பக்கம். உடம்பே அலையை மறைக்கிறது. நேராகப் போய்ப் புளியமரப் பொந்தில் கையை விட்டாள்.

விளையாட்டு என்று நினைத்துவிடாதே. 2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற அம்மா, அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோவில் உலகத்தோடு பேசலாம் என்று போர்ட் பிளேருக்கு ஒரு குழுவோடு போயிருந்தார். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. போன் தொடர்பு அறுந்தது. அவர்கள் கொண்டுபோன செட்டுகள்தான் தீவிலிருந்து செய்தி அனுப்பின. இன்னார் உயிரோடு இருக்கிறார், வீட்டுக்குச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு பெயராக. அந்த வாரம் நான் ஆபீஸ் கவுண்டரில் இருந்தேன். அந்தமானில் பிள்ளையை வைத்திருந்த ஒருவர் தினமும் வந்து, "ஏதாவது சேதி வந்ததா சார்?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு வறண்டது. அப்போதே இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன். கிளப்பில் மாதம் ஒரு முறை பேட்டரியிலேயே செட்டை ஓட்டிப் பார்ப்போம், கரண்ட் கம்பியைத் தொடாமல். அதற்கு நான் ஒரு தடவைகூட மட்டம் போட்டதில்லை.

சரி, போன ஞாயிறுக்கு வருகிறேன். நீ கூப்பிட்டபோது என் கை மோர்ஸ் அடிக்கும் கீயில் இருந்தது. இத்தாலியிலிருந்து ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், கொசு பாடுகிற மாதிரி மெல்லிசாக. மொட்டை மாடியில் அம்மா வடாம் காயவைக்கிற இடத்துக்கு மேலே பக்கத்துக்கு ஐந்து மீட்டராக இரண்டு கம்பி கட்டியிருக்கிறேன். செட் நூறு வாட், பழைய குண்டு பல்பு எரிகிற மின்சாரம். அது வானத்தில் பட்டுத் திரும்பி அவ்வளவு தூரம் போகிறது. அந்த நேரத்தில் காதை எடுத்தால் ஆள் போய்விடுவார்.

அன்று ராத்திரி எனக்கு ஒன்று தோன்றியது. நெதர்லாந்தில் நீ இருக்கும் ஐன்ட்ஹோவனுக்கு வடகிழக்கே என்ஸ்கெடே என்று ஒரு ஊர் இருக்கிறதே, அங்கே ட்வென்டே பல்கலைக்கழகத்தின் ரேடியோ கிளப் இடத்தில் ஒரு ரிசீவர் வைத்திருக்கிறார்கள். அதை யார் வேண்டுமானாலும் போனிலேயே திறந்து கேட்கலாம். 'வெப் எஸ்டிஆர்' என்று தேடினால் வரும். வரும் ஞாயிறு உனக்கு மத்தியானம் இரண்டு மணி, இங்கே ஆறரை. அதில் அலைவரிசைக்கு 14045 என்று போட்டு, மோர்ஸ் கேட்பதற்கான 'சிடபிள்யூ' என்பதை அழுத்து. அந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் இரண்டு மூன்று எண் மேலே தள்ளிப் பார்.

உன் பெயரை என்னால் அனுப்ப முடியாது. லைசென்ஸ் உள்ள ஹாம்களோடு மட்டும்தான் பேசலாம், அதை நான் மீற மாட்டேன். யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகத்தான் கூப்பிடுவேன். டா டிட் டா டிட், டா டா டிட் டா, அதாவது CQ, அந்தப் பொது அழைப்பு. அதன் பின்னால் டிட் டிட் டிட் டா, டிட் டிட் டா, டிட் டிட் டா டா டா என்று வந்தால் VU2. அப்போது கவனமாகக் கேள். இரண்டுக்கு அப்புறம் கொஞ்சம் மூச்சு விட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போவேன். தந்தி ஆபீஸ் பழக்கம், மாறவில்லை. பேத்தியையும் பக்கத்தில் உட்கார வை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.

கேட்டதும் உடனே போன் போடாதே, எடுக்க மாட்டேன். எட்டு மணிக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா