குளிர்ச் சோதனையில் தேறிய காலணியும் ஈரத்தில் நிற்கும் காலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலைத் தோட்டங்களுக்குப் பாதுகாப்புக் காலணி வாங்கும்போது விரல் நசுங்காமல் காக்கும் இரும்பு முனை, வழுக்காத அடிப்பாகம், விலை ஆகியவற்றை விசாரிப்பவர்கள், அதை அணிந்தவரின் பாதம் மாலையில் எந்த நிலையில் இருக்கும் என்று விசாரிப்பது அரிது. கேட்டாலும், ‘குளிர் தாங்கும்’ என்ற சான்றைக் காட்டிவிடுகிறார்கள்.

அந்தச் சான்று பொய்யன்று. ஆனால் அது எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதுகாப்புக் காலணிகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 20345-இன்படி காலணியை மைனஸ் 17 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து, 30 நிமிடத்தில் பாதம் படும் உள்தளத்தின் வெப்பநிலை தொடக்கத்தில் இருந்ததைவிட 10 டிகிரிக்கு மேல் குறையாவிட்டால் தேர்ச்சி என்கிறார்கள். உலர்ந்த காலணி, உள்ளே கால் கிடையாது, வியர்வையும் கிடையாது. அளக்கப்படுவதும் அடிப்பாகத்தின் வெப்பக் காப்பே தவிர, முதலில் விறைக்கும் விரல்கள் அல்ல. உதகையில் மைனஸ் 17 டிகிரியை யாரும் கண்டதில்லை. இங்குள்ள தொல்லை, பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும் குளிரோடு சேர்ந்த ஈரம்.

கேத்தி பாலாடா பக்கம் அதிகாலையில் கேரட் கழுவுபவர்களின் கம்பூட்டு எனும் ரப்பர் காலணிக்குள் வெளித்தண்ணீர் புகுவதில்லை. ஆனால் ரப்பர் வழியே வியர்வையும் வெளியேறுவதில்லை. மூட்டை சுமக்கும்போது ஊறிய காலுறை, நின்று வேலை செய்யும்போது குளிர்ந்துவிடுகிறது. கழற்றினால் உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கியிருக்கும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், நனைந்த கம்பளிக்குக் காப்பு வெகுவாகக் குறைகிறது. உறைநிலைக்கு மேலேயே நரம்பும் தோலும் கெடுவதற்கு இத்தகைய ஈரக்குளிர் போதும். இரண்டு காலுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று மேற்பார்வையாளர்கள் சொல்வதுண்டு. பூட்டு இறுக்கமாக இருந்தால் இடையிலுள்ள காற்று நசுங்கி, கால் இன்னும் சில்லிட்டுப்போகும்.

ஆகவே மொத்தமாக வாங்குமுன், எஸ்டேட் நிர்வாகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் சில ஜோடிகளைத் தொழிலாளர்களிடமே கொடுத்து, ஜனவரி மாதத்தில் வேலை நேரம் முழுவதும் அணியச் செய்து பார்க்க வேண்டும். காலுறையையும் பூட்டையும் காலையிலும் மாலையிலும் எடைபோட்டாலே போதும். தண்ணீர் புகாத பூட்டில் கூடியிருக்கும் எடை, வெளியேற வழியின்றித் தங்கிய வியர்வை. பெருவிரலில் கம்பியுணரி பொருத்திய வெப்பமானியால் மணிக்கொரு முறை அளவெடுத்து, அப்போது கால் குளிர்கிறதா, பிசுபிசுக்கிறதா என்று அணிந்தவரையும் கேட்டுக் குறிக்கலாம். இரண்டும் முரண்பட்டால் அணிந்தவர் சொல்வதையே நான் எடுத்துக்கொள்வேன். மறுநாள் காலைக்குள் பூட்டு உலர்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். உலராத பூட்டு எத்தனை சான்று வைத்திருந்தாலும் இந்த மலைக்கு ஆகாது.

சோதனைக்கு ஆள் எடுக்கும்போது பெண்களைப் பாதிக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களே. ஆண்களின் அளவுக்குச் செய்த பூட்டில் துணி திணித்து நடப்பவர்களும் அவர்களே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்,
குன்னூர்.