பாளையங்கோட்டை துதி இசை மாலை: உடன் நின்ற எல்லாருக்கும் நன்றி

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம். கடந்த சனிக்கிழமை பாளையங்கோட்டையில் பல சபையாரும் சேர்ந்து பாடிய துதி இசை மாலை, ஆண்டவருடைய கிருபையால் நிறைவாக நடந்தேறியது. மேடையிலேயே நன்றி சொன்னோம். ஆனால் கிடைத்த கொஞ்ச நேரத்தில் பெயர்களை வாசிக்க மட்டுமே முடிந்தது. யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் இதில் யார் பெயரும் இல்லை. வாசிக்கும்போது அவரவருக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி, நோட்டு எழுதிக் கொடுத்த அண்ணாச்சிக்கு. நம் ஊர்க் கொயர்களில் (பாடகர் குழுக்களில்) பலருக்கும் சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் டோனிக் சோல்ஃபா பார்த்துப் பாடித்தான் பழக்கம். ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்க வந்த பிள்ளைகளுக்கோ ஐந்து கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் இரண்டு விதமாக எழுத வேண்டியிருந்தது. போதாததற்கு கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள், எழுதியதைவிட ஒரு முழு சுரம் கீழே ஒலிப்பவை. அவற்றுக்கு மட்டும் ஒரு முழு சுரம் ஏற்றி எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி அத்தனையையும் தம் கையாலேயே எழுதினார். மூச்சு எடுக்க வேண்டிய இடங்களில் சிவப்பு மையால் சின்னக் காற்புள்ளி போட்டிருந்தார். ஒவ்வொரு தாளிலும், ஒவ்வொரு குரலுக்கும்.

கீர்த்தனை இல்லாமல் இந்த ஊரில் ஒரு துதி நிகழ்ச்சி நடத்த முடியுமா? தஞ்சையில் வாழ்ந்து கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பிறந்தது திருநெல்வேலியில்தான். ஆனால் கீர்த்தனையை, ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்கள் ஒலிக்கும்படி நான்கு குரலில் பாடுவது லேசான காரியமில்லை. ஆனந்தபைரவி ராகத்தில் காந்தாரம் (‘க’ சுரம்) அசைந்து அசைந்து வரும். அதன் அடியில் பியானோவில் பல சுரங்களைச் சேர்த்து ஒரு கார்டாக அழுத்திப் பிடித்தால் ராகமே கெட்டுப்போகும். இதை முதலில் எடுத்துச் சொன்னவர் நம் மிருதங்க வித்வான். அவர் சொன்னபடியே பல்லவியில் மட்டும் நான்கு குரலை வைத்தோம். அனுபல்லவியில் செல்லோ ச, ப இரண்டையும் தம்புரா மாதிரி பிடித்துக்கொள்ள, பெண்கள் ஒரே குரலில் பாடினார்கள். அன்று மாலை என் மனதுக்கு மிக நிறைவாக இருந்தது அந்த இடம்தான். அதைக் கேட்டு முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் தாங்களும் வாய்விட்டுப் பாடத் தொடங்கினார்கள்.

பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோவில் பாடிய சகோதரி ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் இங்கே தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். அவருக்காக ஆல்டோ பகுதியை மட்டும் தனியே பாடி ஒலிப்பதிவு செய்து செல்போனில் அனுப்பினோம். மற்றவர்கள் தாளைப் பார்த்துத் தடுமாறிய நேரத்தில் இவர் பாட்டை முழுவதும் மனப்பாடமாக்கி வைத்திருந்தார். கடைசி ஒத்திகைகளில் ஆல்டோ வரிசை முழுவதும் இவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடியது. அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

சி.எஸ்.ஐ. சேகரங்கள், கத்தோலிக்கப் பங்குகள், லுத்தரன் சபையார், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள் என்று எல்லாரும் வந்தார்கள். குருவானவர்களான ஐயர்மாரும் பங்குத்தந்தையரும் பாஸ்டர்மாரும் தங்கள் சபையிலேயே அறிவிப்புக் கொடுத்து ஆள் அனுப்பினார்கள். டிரம்ஸ் வாசித்த தம்பி தன் சபையில் முழு வேகத்தில் அடித்துப் பழகியவர். கீர்த்தனைக்கு மிருதங்கம் கேட்க வேண்டும் என்றதும், குச்சியைக் கீழே வைத்துவிட்டு பிரஷ்ஷால் மெல்ல வருடினார். அவரிடம் யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேடை விளக்குச் சூட்டில் புல்லாங்குழல் சுருதி ஏறும், வயலின் தந்தி இறங்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் பொறுமையாகச் சுருதி சேர்த்துக்கொண்ட வாத்தியக்காரர்களுக்கும், அந்த இடைவெளியைச் சலசலப்பில்லாமல் விட்டுக்கொடுத்த சபையாருக்கும் நன்றி. ஒத்திகைக்கு வாராவாரம் சுக்கு காபியும் சுண்டலும் கொண்டுவந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தார், பிள்ளைகளை இரவில் காத்திருந்து அழைத்துப்போன பெற்றோர், மைக் செட்காரர், போக்குவரத்துக் காவலர்கள், எல்லாருக்கும் எங்கள் நன்றி. பக்கத்துத் தெருக் கோயில் நிர்வாகிகள் வண்டி நிறுத்தத் தங்கள் காலி இடத்தைத் திறந்துவிட்டதோடு, ஒழுங்குபடுத்தத் தங்கள் ஊர்ப் பையன்களையும் நிறுத்தினார்கள். கேட்கப் போனவர்களை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினார்கள். அந்த அன்பை நாங்கள் மறக்க மாட்டோம்.

நுழைவுக் கட்டணம் வைக்கவில்லை. காணிக்கையாக வந்ததற்கும் செலவுக்கும் உரிய கணக்கு அடுத்த ஞாயிறு முதல் எல்லா ஆலய அறிவிப்புப் பலகைகளிலும் இருக்கும். மிச்சமான தொகையில் இரண்டு வயலின் வாங்கி, கற்க விரும்பும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று குழு தீர்மானித்திருக்கிறது.

ஒரு வேண்டுகோள். அண்ணாச்சி எழுதிய தாள்கள் சில இன்னும் திரும்பி வரவில்லை. பாட்டுப் புத்தகத்துக்குள் எங்காவது இருக்கும், பார்த்துக் கொண்டுவந்து கொடுங்கள். எல்லாம் சேர்ந்ததும் நகலெடுத்துக் கட்டி வைக்கப்போகிறோம். கிராமச் சபைக் கொயர்கள் யார் கேட்டாலும் ஒரு பிரதி உண்டு.

கர்த்தருக்குள் உங்கள்,
விழாக்குழுச் செயலர்,
பாளையங்கோட்டை