டிஜே சவுண்ட் கார்டில் ஹெட்ஃபோனுக்குத் தனி வழி இல்லாதது குறித்த புகார்

அனுப்புநர்:
ஈரோடு வாடிக்கையாளர் (பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை இணைப்பிலுள்ள ரசீதில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தவறான விவரத்துடன் விற்கப்பட்ட யுஎஸ்பி சவுண்ட் கார்டுக்கான தொகையைத் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையதளத்தில் டிஜே பயன்பாட்டுக்கானது என்ற அறிவிப்போடு விற்பனைக்கு வைத்திருக்கும் 7.1 (எட்டுச் சேனல்) யுஎஸ்பி சவுண்ட் கார்டை ரூ.1,450 செலுத்தி வாங்கினேன். ஒலிபெருக்கிக்கு ஒன்று, ஹெட்ஃபோனுக்கு ஒன்று என இரண்டு தனித்தனி வெளியீடுகள் உண்டு என்று பொருளின் பக்கத்திலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். அந்த வரிதான் பொய்யாகிவிட்டது.

திருமண வரவேற்பு, காதணி விழா, கல்லூரி விழா போன்றவற்றில் மடிக்கணினியும் மிக்ஸ் என்ற இலவச மென்பொருளும் கொண்டு பாட்டுப் போடுகிறவன் நான். இந்தத் தொழிலில் ஒரு பாட்டு மண்டபத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டு, அதன் வேகத்தைச் சரிசெய்து, தாளம் இணையும் இடத்தில் உள்ளே விட வேண்டும். மடிக்கணினியில் இருப்பதோ ஒரே ஒரு ஸ்டீரியோ வெளியீடு. அதனால்தான் நான்கு சேனல்கள், அதாவது இரண்டு ஸ்டீரியோ இணைகள், கொண்ட வெளிச் சவுண்ட் கார்டு தேவைப்படுகிறது. சவுண்ட் கார்டு உள்ளேயே அமைந்த டிஜே கன்ட்ரோலருக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால், கையில் குறைந்த பணத்துடன் தொழிலுக்கு வருகிறவர்கள் உங்கள் கருவி போன்றவற்றைத்தான் தேடுகிறார்கள்.

கருவியில் இரண்டு ஹெட்ஃபோன் துளைகள் இருக்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் வருவது ஒரே ஒலிதான். கருவியை இயக்க நீங்கள் தரும் மென்பொருளான டிரைவரை விண்டோஸில் நிறுவியதும் மிக்ஸின் ஒலிச்சாதன அமைப்பில் எட்டுச் சேனல்கள் தெரிகின்றன. 1–2 சேனல்களில் மண்டபத்துக்கான பாட்டையும் 3–4 சேனல்களில் ஹெட்ஃபோனுக்கான பாட்டையும் அனுப்பினால், எந்தத் துளையில் செருகினாலும் இரண்டு பாட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கின்றன. அதே கருவியை உங்கள் டிரைவர் இல்லாமல் லினக்ஸில் இணைத்தால் இரண்டே சேனல்கள்தான் தெரிகின்றன. அதாவது உள்ளே இருப்பது சாதாரண ஸ்டீரியோ சில்லு. எட்டு என்பது டிரைவர் காட்டும் கணக்கு. விளையாட்டுக்கும் திரைப்படத்துக்கும் சுற்றொலி போன்ற உணர்வைத் தருவதற்காக எட்டுச் சேனல் ஒலியையும் டிரைவர் இரண்டாகக் கலந்து அனுப்புகிறது. படம் பார்ப்பவருக்கு அது வசதியாக இருக்கலாம். எனக்கோ, ரகசியமாகக் கேட்க வேண்டிய பாட்டு மண்டபம் முழுவதும் ஒலிக்கும் நிலை.

குறைந்த விலையில் இதைச் செய்யவே முடியாது என்று நீங்கள் பதில் எழுதக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: முன்பக்க ஒலிபெருக்கிக்கும் பின்பக்க ஒலிபெருக்கிக்கும் சில்லிலிருந்தே தனித்தனி வெளியீடு தரும், மெய்யான 5.1 (ஆறு சேனல்) யுஎஸ்பி கார்டுகள் இருக்கின்றன. முன் இணையை மிக்ஸருக்கும் பின் இணையை ஹெட்ஃபோனுக்கும் கொடுத்துப் பலர் வேலை பார்க்கிறார்கள். ஹெட்ஃபோனில் சத்தம் சற்றுக் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். உங்கள் கருவி அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

வாங்கிய கருவி உதவாததால், அடுத்து வந்த வரவேற்பு நிகழ்ச்சியை மடிக்கணினியின் சொந்தத் துளையில் ஒரு பிரிப்பான் கேபிளைச் செருகி, இடது சேனலை மண்டபத்துக்கும் வலது சேனலை ஹெட்ஃபோனுக்கும் மோனோவாக ஒதுக்கி நடத்தி முடித்தேன். மண்டபங்களில் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பெரும்பாலும் மோனோவிலேயே ஓட்டுவதால் விருந்தினர் யாருக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கேபிள் செய்த வேலையை ரூ.1,450 கருவி செய்யவில்லை என்பதை உங்கள் தயாரிப்புப் பிரிவினர் கவனிக்க வேண்டும்.

அட்டைப்பெட்டியில் ‘ஏசியோ ஆதரவு’ (ஏசியோ என்பது ஒலித் தாமதத்தைக் குறைக்கும் டிரைவர் முறை) என்றும் இருக்கிறது. உங்கள் தளத்திலிருந்து பதிவிறக்கியபோது கிடைத்ததோ, எந்தச் சவுண்ட் கார்டுக்கும் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவர். அது நல்ல மென்பொருள்தான். ஆனால் உங்கள் கருவிக்கென எழுதப்பட்டதல்ல. அதையும் வைத்து முயன்றேன். 44,100 ஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் (ஒலியைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் அளவு) வைத்தால் சுமார் 11.6 மில்லிசெகண்ட் தாமதம்தான் வர வேண்டும். அந்த அளவில் ஒலி வெடித்து வெடித்து வந்தது. 2,048 சாம்பிளுக்கு உயர்த்திய பிறகே சீரானது. அது 46 மில்லிசெகண்டுக்கு மேல். பொத்தானை அழுத்துவதற்கும் தாளம் விழுவதற்கும் இடையில் கை உணரும் இடைவெளி. அதே மடிக்கணினியின் உள் சவுண்ட் கார்டு 512-இல் தடங்கலின்றி ஓடுகிறது என்பதால் கணினியின் மீது பழி போட இடமில்லை. சார்ஜர் இணைத்திருக்கும்போது ஒலிபெருக்கியில் எழும் 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் சிலர் சவுண்ட் கார்டின் தலையில் கட்டுவார்கள். அது எர்த் வயரிங் சார்ந்த சிக்கல் என்பது எனக்குத் தெரியும் என்பதால் அதை இந்தப் புகாரில் சேர்க்கவில்லை.

உங்கள் சேவைப் பிரிவுக்கு இவற்றையெல்லாம் திரைப்பிடிப்புகளுடன் எழுதினேன். வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு பஃபரைக் கூட்டச் சொன்னார்கள். பிறகு திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்றும், கருவியில் பழுது இல்லாததால் மாற்றித் தர இயலாது என்றும் எழுதினார்கள். பழுது இருப்பதாக நான் எங்கும் சொல்லவில்லை. கருவி அது செய்யக்கூடியதைச் சரியாகவே செய்கிறது. செய்ய முடியாததைச் செய்யும் என்று சொல்லி விற்றதே என் குறை. மேலும், காலம் கடந்ததற்குக் காரணம் உங்கள் பதில்களுக்காக நான் காத்திருந்ததுதான் என்பதை இணைத்துள்ள மின்னஞ்சல்களின் தேதிகளே காட்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரமாகக் கருதுகிறது. மின்வணிக விதிகள், 2020-இன்படி, குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்ற 48 மணி நேரத்துக்குள் ஏற்பு தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஆகவே, முழுத் தொகையையும் திருப்பித் தருமாறும், கருவியை உங்கள் செலவிலேயே எடுத்துக்கொள்ளுமாறும், பொருளின் பக்கத்தில் இது ஸ்டீரியோ வெளியீடு மட்டுமே கொண்டது, இரண்டு துளைகளிலும் ஒரே ஒலிதான் வரும் என்று தெளிவாகத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவது கோரிக்கையை முதல் இரண்டுக்கும் ஈடாக விட்டுக்கொடுக்க மாட்டேன். டிஜே என்ற சொல்லை நீங்கள் எடுக்காதவரை இன்னொருவர் இதையே வாங்கிக்கொண்டுதான் இருப்பார்.

ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: ரசீது, அட்டைப்பெட்டியின் படம், விண்டோஸ் மற்றும் லினக்ஸ் திரைப்பிடிப்புகள், மின்னஞ்சல் நகல்கள்.