0.4636 என்று விடை வந்தால் போன் பழுதில்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கிளிநொச்சிப் பக்கம் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். திரிகோணகணிதத்தில் பிள்ளைகள் படம் கீறுகிறார்கள், எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் வகுத்து 0.5 என்று சரியாகவே எழுதுகிறார்கள், அந்த 0.5 இலிருந்து கோணத்துக்குப் போகும் கடைசி வரியில்தான் ஆளுக்கொரு விடை வருகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும்.

ஒரு குளக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 3 மீற்றர், அடியிலிருந்து உச்சிக்கு நேர் கீழ்வரை 6 மீற்றர். உயரத்தை அந்த 6 ஆல் வகுத்த விகிதம், அதாவது தான்சன், 0.5. மடக்கை அட்டவணைப் புத்தகத்தில் தான்சன் பக்கத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் 26°34′. கல்குலேற்றரில் விகிதத்திலிருந்து கோணத்தைத் தரும் நேர்மாறு தான்சனை அழுத்தினால் 26.565. அதையே போனில் உள்ள எக்செல்லில் கேட்டால் 0.4636. மூன்றும் ஒரே சரிவுதான், ஆனால் இதை யாரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. 0.4636 ஐப் பார்த்த பிள்ளை போன் பழுது என்கிறது, 26.57 ஐப் பார்த்த பிள்ளை 26 பாகை 57 நிமிடம் என்று எழுதிவிடுகிறது. ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஆகவே 0.565 ஐ 60 ஆல் பெருக்கினால்தான் 34 நிமிடம் வரும். இன்னொரு பக்கம், தான்சனுக்கு மேலே சின்னதாகப் போட்டிருக்கும் அந்த −1 ஐப் பார்த்து, ஒன்றை 0.5 பாகையின் தான்சனால் வகுப்பது என்று நினைத்து 114.6 என்று எழுதிய கொப்பிகளையும் திருத்தியிருக்கிறேன். செங்கோண முக்கோணியில் 114 பாகைக்கு இடமே இல்லையே என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை, அதுதான் எனக்குக் கவலை.

எக்செல்லும் கணினி மொழிகளில் பெரும்பாலானவையும் கோணத்தைப் பாகையில் அல்ல, ஆரையன் என்ற வேறோர் அலகில்தான் தரும். 180 ஆல் பெருக்கி πயால் வகுத்தால், அதாவது ஏறத்தாழ 57.3 ஆல் பெருக்கினால், பாகை வந்துவிடும். கல்குலேற்றரில் என்றால் டெக் (பாகை), ராட் (ஆரையன்), கிராட் (செங்கோணத்தை 100 ஆகப் பிரிக்கும் அலகு) என்ற மூன்று நிலைகளில் ஒன்று திரையில் தெரியும். எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் முதலில் 1 இன் நேர்மாறு தான்சனைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 45 வந்தால் பாகை, 0.785 வந்தால் ஆரையன், 50 வந்தால் கிராட். அப்புறம் குளக்கட்டுக்கு வாருங்கள்: 0.5 ஒன்றைவிடக் குறைவு, ஆகவே கோணம் 45 ஐவிடக் குறைய வேண்டும். இவ்வளவும் ஒரு பாடவேளைக்குள் முடிகிற வேலை.

பரீட்சை மண்டபத்துக்குள் கல்குலேற்றர் போகாது, அட்டவணை தெரிந்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். இதே பிள்ளைகள் நாளைக்குத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போவார்கள், நில அளவைக்குப் போவார்கள், கூரையில் சோலார் பூட்டப் போவார்கள், அங்கே அட்டவணைப் புத்தகத்தை யாரும் நீட்டப்போவதில்லை. நில அளவையில் வேறொரு சிக்கலும் இருக்கிறது: கிழக்கே 1 வடக்கே 1 போனாலும், மேற்கே 1 தெற்கே 1 போனாலும் விகிதம் 1 தான், கருவி இரண்டுக்கும் 45 என்றே சொல்லும். திசையை நாம் படம் கீறித்தான் பார்க்க வேண்டும்.

வன்னிப் பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள். செப்டெம்பர் 23 ஐ ஒட்டி சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும். அன்று மைதானத்தில் ஒரு மீற்றர் தடியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டு, நண்பகல் 12 மணியை ஒட்டி நிழலை அளக்கவிடுங்கள். கிளிநொச்சியில் நிழல் வடக்குப் பக்கம் ஏறத்தாழ 16.5 சென்ரிமீற்றர் விழும். 0.165 இன் நேர்மாறு தான்சன் 9.4 பாகை, அதுதான் கிளிநொச்சியின் அகலக்கோடு! ஒரு சென்ரிமீற்றர் குறைத்து அளந்த பிள்ளைக்கு 8.8 வரும், அவர் கணக்கில் வவுனியாவுக்குக் கிட்டப் போய்விடுவார். நிழலை ஏன் கவனமாக அளக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு நாம் சொல்லத் தேவையில்லை. வானம் மூடியிருந்தால் அடுத்த நாள் செய்யலாம், ஒரு நாளில் அரைப் பாகை அளவுகூட மாறாது.

உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் இந்த நிழல் அளவையைச் செப்டெம்பருக்கு முன்பே படத்துடன் போட்டுதவினால், முல்லைத்தீவிலும் மாங்குளத்திலும் மல்லாவியிலும் இருக்கிற ஆசிரியர்களும் அதே நாளில் செய்து விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.