ஆராய்ந்துவிட்டுப் பந்திக்குப் போ, மக்களே

மக்களே,

நீ போனில் சொன்ன விஷயத்துக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் அம்மை நின்றாள், டி.வி. வேறு ஓடிக்கொண்டிருந்தது. அதோடு, வாயைத் திறந்தால் நான் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுவேன் என்று நீயே குறை சொல்லுவாய். எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று எழுதுகிறேன். நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்த பிறகு வாசி.

வெள்ளிக்கிழமை ஆராதனையில் எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு எழுந்து போகும்போது நீ மட்டும் பெஞ்சிலேயே இருந்துவிடுகிறாய் என்றாய். சில மாதமாகவே அப்படித்தானாம். ஏன் என்று கேட்டதற்கு, சபையில் முழு அங்கமாகிற திடப்படுத்தலுக்குப் படித்த வயதில் இருந்த அதே கோபம் இன்னும் இருக்கிறது, நான் வளரவே இல்லை, அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், வாங்கப் பயமாயிருக்கிறது என்றாய். வார்டில் கூட வேலை பார்க்கிற அந்தச் சின்ன நர்சை நோயாளிகள் முன்னால் வைத்தே கத்தியதையும் சொன்னாய்.

அந்தப் பயம் உனக்கு இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். சனிக்கிழமை ராத்திரி கமிட்டிக் கூட்டத்தில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டு, மறுநாள் காலையில் தேய்த்த வேட்டியோடு முதல் ஆளாக முழங்காற்படியிடுகிறவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். அவர்களிடம் துளியும் இல்லாத பயம் உன்னிடம் கூடுதலாக இருக்கிறது. ஆனால் அது உன்னை உட்கார வைத்திருக்கிற இடம் சரியில்லை.

பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 11-ம் அதிகாரத்தை, அபாத்திரமாய்ப் புசிக்கிறவன் குற்றவாளி என்கிற 27-ம் வசனத்திலிருந்து வாசிக்காதே. 17-லிருந்து வாசி. அந்தச் சபையில் திருவிருந்து ஒரு சாப்பாட்டோடு சேர்ந்தே நடந்திருக்கிறது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றிருக்கிறார்கள். ஒருவன் பட்டினி, இன்னொருவனுக்கு வெறி. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்றுதான் பவுலுக்கு அவ்வளவு கோபம். பக்கத்தில் நிற்கிற சகோதரனை ஒரு பொருட்டாக நினைக்காமல் அந்த மேசைக்கு வந்தார்களே, அதுதான் அங்கே குற்றம். குணம் இன்னும் பக்குவப்படாதவர்கள் யாரும் கிட்டே வரவேண்டாம் என்று அவர் எழுதவில்லை. தன்னைத்தானே சோதித்தறிந்து, புசிக்கக்கடவன் என்றுதான் எழுதியிருக்கிறார். முடிக்கும்போதும், போஜனம்பண்ணக் கூடிவருகையில் ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துகொள் என்று எங்கேயும் இல்லை.

நம் ஆராதனை முறையையே பாரேன். அப்பத்தை வாங்கப் போகுமுன், மேசையின் கீழே விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரரல்ல என்று ஆராதனை நடத்துகிற போதகர் ஐயர் முதல் பாடகர் குழுவிலுள்ள சின்னப் பிள்ளை வரை சேர்ந்து ஜெபிக்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போகிறோம். தகுதி வந்த பிறகு போகலாம் என்று காத்திருந்தால், மஸ்கட்டிலும் சரி, மார்த்தாண்டத்திலும் சரி, எந்தக் கோயிலிலும் அந்தப் படிக்குப் பக்கத்தில் ஒரு ஆளைப் பார்க்க முடியாது.

சரி, ‘வளரவே இல்லை’ என்றாயே, அதற்கு வருகிறேன். இதில்தான் நான் உன்னோடு கொஞ்சம் சண்டை போடவேண்டியிருக்கிறது.

பேதுருவை எடுத்துக்கொள். பயந்துபோய் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு, சேவல் கூவியதும் அழுத கதை எல்லாருக்கும் தெரியும். அதோடு அவன் திருந்திவிட்டான் என்று ஓய்வுநாள் பள்ளியில் முடித்துவிடுவோம். பிறகு பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தே நாள் வருகிறது. யோப்பாவில் மேல்வீட்டில் தரிசனம் காண்கிறான், தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே என்ற சத்தத்தைக் கேட்கிறான், புறஜாதியான், அதாவது யூதனல்லாத, கொர்நேலியு வீட்டுக்குப் போகிறான். இத்தனைக்கும் பிறகு அந்தியோகியாவில் என்ன நடந்தது? புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து மெதுவாகப் பந்தியை விட்டு விலகிக்கொண்டான். பர்னபா கூட அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டான். பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே எதிர்த்தான் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மூத்த அப்போஸ்தலன், சபைக்குத் தூண் என்று எண்ணப்பட்டவன், அதே பழைய பயத்தில் திரும்பவும் விழுந்திருக்கிறான். அதை மூடி மறைக்காமல் வேதம் எழுதி வைத்திருக்கிறதே, அது நமக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

தனி மனுஷன் மட்டுமல்ல, சபைகளும் இப்படித்தான். ஆரல்வாய்மொழி வழியாகப் போகும்போதெல்லாம் காற்றாடிமலையைக் காட்டி உனக்குத் தேவசகாயம் பிள்ளையின் கதை சொல்லியிருக்கிறேன். நட்டாலத்துக்காரர், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார், சேர்ந்து சாப்பிட்டார். 1752-ல் அந்த மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, நாம் கத்தோலிக்கராயில்லாமல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆக இருந்தாலும், அம்மை டி.வி. முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. ஆனால் அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் செத்து நூறு வருஷத்துக்கும் மேலான பிறகு, 1872-ல் கட்டின கோயிலை யோசித்துப் பார். சாதிக்கு ஒன்றாக இரண்டு நீளக் கூடங்கள், நடுவே தடுப்பு, பீடத்தில் மட்டும் ஒன்று சேரும்படி கட்டியிருந்தார்கள். அந்தத் தடுப்பை 1910-ல்தான் எடுத்தார்கள். அவ்வளவு பெரிய சாட்சி உருவான மண்ணிலேயே இப்படி. கத்தோலிக்கரைக் குறை சொல்லுகிறேன் என்று நினைக்காதே. நம் பக்கத்தில் சபைத் தேர்தல் வரும்போது எந்த ஆள் எந்தக் குடும்பம், எந்தச் சாதி என்று கணக்குப் போடுவதை நான் உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நம் தடுப்பு செங்கல்லில் இல்லை, ஆகையால் இடிப்பதும் சிரமம்.

ஒருமுறை விசுவாசித்தோம், வளர்ந்தோம், முடிந்தது என்று யாருக்குமே இல்லை. அடைந்தாயிற்று என்று எண்ணாமல் தொடருகிறேன் என்று பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் காவலில் இருக்கிறார், ஊழியத்தில் எத்தனையோ வருஷம் கடந்துவிட்டவர். நீ நாற்பதுக்குள்ளேயே கணக்கை முடிக்கப் பார்க்கிறாய்.

அதோடு, வளர்ந்திருக்கிறோமா இல்லையா என்று கணக்குப் பார்க்க நமக்கு அவ்வளவு நல்ல கண் கிடையாது. மயிலாடியில் 1809-ல் நம் பக்கத்து முதல் சபையை உண்டாக்கின மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர், சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு சின்னக் குடிசையில் இருந்தவர். தன் வேலையைப் பற்றி எழுதும்போது, சுமார் 600 கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், இந்தியாவில் மற்ற கிறிஸ்தவர்களை விட மோசமில்லை, அதில் மூன்று நான்கு பேராவது நான் வந்ததற்காக நித்தியத்தில் நன்றி சொல்லலாம் என்கிற அளவில்தான் எழுதினார். உடம்பு முடியாமல் 1816-ல் இங்கிருந்து புறப்பட்டுப் போனார். எங்கே செத்தார் என்பது கூட நிச்சயமாகத் தெரியாது. பின்னால் அடுத்த மிஷனரி மீட் ஐயர் 1818-ல் வந்ததும், நாகர்கோவிலில் கஸ்பா சபையின் கோயில் எழும்பியதும், நெய்யூரில் 1838-ல் ஆஸ்பத்திரி தொடங்கியதும் எதையும் அவர் பார்க்கவில்லை. நீ நர்சிங் படிக்க ஆசைப்பட்டதே அந்த ஆஸ்பத்திரிக்கு உன் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போன நாள்களில்தானே? அவருடைய மூன்று நான்கு பேர் கணக்கில் நீ சேர்த்தியா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உன் கோபத்தையே எடுத்துக்கொள். அண்ணனோடு சண்டை என்றால் நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசமாட்டாய். தப்பு அவன் பேரில்தான் என்று கர்த்தருக்கே சாட்சி சொல்லுவாய். இப்போது அந்தப் பிள்ளையைக் கத்திய அன்றைக்கே உனக்குத் தூக்கம் போய்விட்டது. கோபம் அதே கோபம்தான். ஆனால் கோபப்பட்டதற்கும் வருத்தப்பட்டதற்கும் நடுவே இருந்த தூரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாயா? எனக்கு அது வளர்ச்சியாகத்தான் தெரிகிறது. பக்கத்தில் இருந்து வளர்த்தவன் சொல்லுகிறேன், நம்பலாம்.

இன்னொன்று. நீ உன்னை ஆராய்கிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உன் தாத்தா ரப்பர் வெட்டுவதை நீ விடியற்காலையில் டார்ச் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறாய். பட்டையை மேலாகச் சீவினால் பால் வராது. பால் இருப்பதெல்லாம் உள்பட்டையில், தடிக்கு, அதாவது உள்ளே இருக்கிற மரத்துக்கு, ஒட்டினாற்போல. அதற்காகக் கத்தியை அழுத்தித் தடியில் பட வைத்துவிட்டால் மரம் காயப்பட்டு அந்த இடம் முண்டுமுண்டாகிவிடும். புதுப்பட்டை ஒழுங்காக வராது, அடுத்த சுற்றில் அங்கே வெட்டவும் முடியாது. தடிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்கவேண்டும். வெட்டினதும் சிரட்டையை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார், அங்கேயே நின்று நோண்டிக்கொண்டிருக்கமாட்டார். நாள்தோறும் கூட வெட்டமாட்டார், ஒருநாள் விட்டு ஒருநாள்தான். நீ கத்தியைத் தடி வரைக்கும் இறக்குகிறாய் மக்களே. செய்த தப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், நான் இப்படிப்பட்டவள்தான், மாறவேமாட்டேன் என்கிற வரைக்கும் போகிறாய். அந்தத் தீர்ப்பைச் சொல்ல உனக்கு அதிகாரம் இல்லை. என்னை நானே நியாயந்தீர்க்கிறதில்லை, என்னை விசாரிக்கிறவர் கர்த்தரே என்று பவுலே ஒதுங்கிக்கொள்கிறார். தாவீதும், நான் என்னை ஆராய்ந்து முடித்துவிட்டேன் என்று 139-ம் சங்கீதத்தில் சொல்லவில்லை. தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும் என்று அவர் கையில் கொடுத்துவிடுகிறார்.

முட்டத்தில் எனக்கு ஒரு கத்தோலிக்கச் சிநேகிதர் உண்டு, கூட வேலை பார்த்த வாத்தியார். இயேசு சபையை ஆரம்பித்த இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த முறை என்று ஒன்றை எனக்குச் சொன்னார். சவேரியார் 1544-ல் நம் கடற்கரையில் நடந்தாரே, அவர் சேர்ந்த சபை அது. நாளின் முடிவில் தன்னைச் சோதிக்க உட்காரும்போது முதலில் பாவத்தைத் தேடக்கூடாதாம். அன்று கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்லவேண்டும். அப்புறம் வெளிச்சம் கேட்கவேண்டும். அதன் பிறகுதான் காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொரு மணியாகப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு எதைத் திருத்துவது என்று ஒரு தீர்மானம் எடுத்துவிட்டு எழுந்திருக்கவேண்டும். வரிசையை மாற்றிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரிகிறது. நன்றி இல்லாமல் ஆரம்பித்தால் ஒன்று நம்மை நாமே அடித்துக்கொள்வோம், இல்லை மற்றவர்களுடைய தப்பைத் தேடப் போய்விடுவோம். இயேசு சொன்ன கதையில் ஆயக்காரனோடு ஜெபம்பண்ணப் போன, தன்னையே நீதிமானாக எண்ணிக்கொண்ட பரிசேயனும் நன்றிதானே சொன்னான் என்று நீ கேட்பாய். அவன் சொன்னது அவனைப் பற்றித்தான். கிடைத்த ஒன்றைக்கூட அவன் சொல்லவில்லை. உனக்கு டூட்டி முடிந்து ரூமுக்குப் போகிற பஸ் நேரம் போதும். அதற்கு மேல் வேண்டாம், தூங்கிவிடு.

வயசான பிறகு சோதிக்க ஒன்றும் இருக்காது என்று நினைத்திருந்தேன். முன்பு இல்லாத குறைகள் இப்போதுதான் வந்து சேருகின்றன. கோயில் விஷயத்தில் என்னைக் கேட்காமல் முடிவெடுத்தால் வயிற்றில் ஏதோ செய்கிறது. வாலிபப் பிள்ளைகள் கீபோர்டைக் கூட்டி வைத்துப் பாடினால் ஆராதனை கெட்டுப்போனது என்று தோன்றுகிறது. பழைய பாமாலைதான் பரலோகத்திலும் பாடுவார்கள் என்று எனக்குள் ஒரு எண்ணம். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை, அம்மைதான் சொன்னாள். நம்மைப் பற்றி நமக்குச் சொல்ல பயப்படாத ஒரு ஆள் வீட்டிலோ சபையிலோ வேண்டும். பேதுருவுக்குப் பவுல் இருந்தான். மஸ்கட்டில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்து வை. உன் மாப்பிள்ளை நல்லவர், ஆனால் உனக்குப் பயப்படுகிறார்.

இனி அந்தப் பிள்ளை. இதை இழுக்காதே. காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்று ஆண்டவர் சொன்னது உனக்கும்தான். அடுத்த வெள்ளிக்குள் அவளிடம் பேசு. மருந்து மாறியது அவள் தப்பு, அது தப்புதான், அதை ரிப்போர்ட் பண்ணவேண்டியதும் உன் வேலை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லார் முன்னாலும் கத்தியதற்கு மன்னிப்பை, எல்லார் முன்னாலும் கேள்; தனியாக அழைத்துக் கேட்டால் உனக்குச் சுகமாயிருக்கும், அவளுக்கு நியாயமாயிராது. நீயும்தான் இப்படிப் பண்ணினாய் என்று அதில் ஒரு ஒட்டு வைக்காதே, அது மன்னிப்பாகாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நீ வெள்ளிக்கிழமை பந்திக்குப் போ.

பக்கத்து வீட்டுக்காரர் மகன் இந்த மாசக் கடைசியில் அங்கே வருகிறான். அம்மை முந்திரிக்கொத்தும் பலாச்சக்கை வற்றலும் கொடுத்துவிடுகிறாள். இரண்டு பொதியாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன், ஒன்று அந்தப் பிள்ளைக்கு. அதற்குள் நீ பேசியிருக்கவேண்டும். பலகாரத்தைக் கொடுத்துப் பேச்சை மிச்சம்பிடிக்கிற வேலை வேண்டாம். அவன் பெட்டியில் ஐந்து கிலோவுக்கு மேல் இடமில்லையாம், ஆகையால் ஊறுகாய் இந்தமுறை கிடையாது என்று அம்மை சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா